மொரப்பூர் என்ற ஊர்ப் பெயர் ஏன் இரண்டு வரிசைகளில் வருகிறது? ஆய்வுத் திட்டம் எக்செல் கோப்புக்குள் எங்கே தங்குகிறது?

ஜூன் 4, 2024. கேள்வி

"கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்கிவிட்டது. ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது சரக்குத் தொகுதிக்கும், பிரிக்ஸ் என்னும் இனிப்பளவு, புளிப்பு, பி.எச். எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்பில் பதிகிறோம். புதிதாக வாங்கிய புள்ளியியல் மென்பொருளும் தன் வேலை முழுவதையும் அதே கோப்புக்குள்தான் சேமிக்கிறதாம். தனியாகத் திட்டக் கோப்பு எதுவும் இல்லை. அப்படியானால் கணக்கில் சேராமல் நான் ஒதுக்கிய வரிசைகள், போட்ட வடிகட்டல், வரைபட அமைப்பு எல்லாம் எங்கே இருக்கின்றன? வேறு கணினிக்கு எடுத்துச் சென்றால் அத்தனையும் கூடவே வருமா? 'அட்டவணைதானே, அதில் என்ன ஒளிந்திருக்கப் போகிறது' என்கிறார் எங்கள் மேலாளர்."

ஜூன் 4, இரவு

மேலாளர் முன்னால் ஒரு சோதனை செய்து காட்டுங்கள். கோப்பை முதலில் நகல் எடுங்கள், மூலத்தில் கை வைக்க வேண்டாம். நகலின் பெயரில் கடைசியில் வரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். ஒரே கோப்பு என்று நினைத்தது ஒரு மூட்டையாகப் பிரியும். உள்ளே தாளுக்கு ஒன்றாக எக்ஸ்எம்எல் என்ற வகை உரைக் கோப்புகள், வடிவங்களுக்கு ஒன்று, எழுத்துகளுக்கு ஒன்று, எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். எக்செல் 2007-இலிருந்து இதுதான் ஏற்பாடு. 2006-இல் எக்மா 376 என்ற பெயரிலும் 2008-இல் ஐஎஸ்ஓ 29500 என்ற பெயரிலும் இந்தக் கோப்பு வடிவம் பொதுத் தரநிலையாக வெளியானதால் எந்த மென்பொருள்காரரும் இந்த மூட்டைக்குள் தன் பொருளையும் சேர்த்துக் கட்டலாம். உங்கள் மென்பொருள் செய்திருப்பதும் அதுதான்.

நான் பேசுவது கையில் பட்ட அனுபவத்திலிருந்து. தருமபுரி மாவட்டத்தில் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளக்கும் ஒரு சிறு குழுவுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் முழுத் திட்டமும் எக்செல் கோப்புகளில்தான் வளர்ந்தது. எங்கே எங்கே அடி விழும் என்பது ஓரளவு தெரியும்.

ஜூன் 5

இன்னும் விளக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கட்டத்தைப் பிரித்துக் காட்டுகிறேன்.

தாளின் எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரு சிறு துண்டாக இருக்கும். சூத்திரம் உள்ள கட்டமென்றால் அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றில் சூத்திரம், மற்றொன்றில் கடைசியாகக் கணக்கிட்டபோது வந்த விடை. கோப்பைத் திறந்தவுடன் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பழைய விடைதான். பைத்தான் நிரல்மொழியில் ஓபன்பைஎக்செல் என்ற நிரல் நூலகத்தை வைத்துப் படிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். சூத்திரம் வேண்டுமா, சேமித்த விடை வேண்டுமா என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நூலகமே எழுதி, எக்செல் ஒருமுறைகூடத் திறந்து சேமிக்காத கோப்பாக இருந்தால் விடை இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

எழுத்துகள் கதை வேறு. கட்டத்தில் "பாலக்கோடு" என்று தட்டினால் அந்தச் சொல் தாளில் இருக்காது. சொற்களெல்லாம் பொதுவான ஒரு பட்டியலில் ஒருமுறை மட்டும் எழுதப்படும். கட்டத்தில் அந்தச் சொல்லின் வரிசை எண் மட்டும் நிற்கும். ஆயிரம் கட்டங்களில் பாலக்கோடு இருந்தாலும் பட்டியலில் ஒரே இடம்தான். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி நீங்கள் கேட்ட "ஒளிந்திருப்பவை". சிறந்த விடையைத் தேடித்தரும் எக்செல்லின் சால்வர் கருவி தன் இலக்கு, மாறிகள், கட்டுப்பாடுகள் அனைத்தையும் மறைத்துவைத்த பெயர்களாக அந்தத் தாளோடு சேர்த்துச் சேமிக்கிறது. எக்செல்லின் பெயர்ப் பட்டியலில் (நேம் மேனேஜர்) தேடினாலும் கண்ணில் படாது. தரவை இழுத்துச் சீராக்கும் பவர் குவெரியின் படிகள் கஸ்டம்எக்ஸ்எம்எல் கோப்புறையில் படிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரமாக இருக்கும். தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை தன் மூலத் தரவின் நகல் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளும். மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் எழுதிய சிறு நிரல், இருந்தால் அதற்கென்று ஓர் இருமக் கோப்பு. மூன்றாம் நபர் மென்பொருள்கள் பெரும்பாலும் மறைத்த தாளில் வைக்கின்றன. அதிலும் "மிக மறைவு" என்று ஒரு நிலை உண்டு. அந்தத் தாள் எக்செல்லின் வழக்கமான பட்டியலில் வராது, மேக்ரோ சாளரத்தின் வழியாகத்தான் வெளியே கொண்டுவர முடியும். உங்கள் ஒதுக்கல் பட்டியல் அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். விரிதாளுக்குள் திட்டத்தை வைப்பதையே நான் எதிர்க்கிறேன். தரவு, அதன் மீது செய்த வேலை, வந்த முடிவு மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் எது எதை மாற்றியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள்.

ஜூன் 7

"எதற்கு இத்தனை கோபம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

எங்கள் குழுவில் கிணறுகளுக்கு இரட்டை எண் கொடுத்திருந்தோம். முதல் எண் ஊர், இரண்டாவது அந்த ஊரில் கிணறு. மூன்றாவது ஊரின் ஐந்தாவது ஆழ்துளைக் கிணறு என்றால் 3-5. பாட்டில் மீது அதை எழுதி ஒட்டுவோம். பதிவேட்டிலும் அப்படியே எழுதுவோம். 2023 கோடையில் ஒரு தம்பி அளவீடுகளைத் தன் மடிக்கணினியில் உள்ளிட்டார். அவர் 3-5 என்று தட்டினார். எக்செல் அதை மே 3 என்று எடுத்துக்கொண்டது. கட்டத்தில் "03-மே" என்று தெரிந்திருக்கும். உள்ளே எக்ஸ்எம்எல்லில் நின்றது 45049 என்ற எண், அதோடு தேதி வடிவத்தைச் சுட்டும் ஒரு குறி. அவ்வளவுதான். அவர் தட்டிய 3-5 அந்தக் கோப்பில் எந்த மூலையிலும் இல்லை. இன்னொரு கணினியில் அமெரிக்கத் தேதி முறை இருந்தது. அங்கே இதே 3-5 மார்ச் 5 ஆகி, 44990 என்று நின்றது.

எல்லா எண்களும் இப்படி மாறியிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்போம். தேதியாகப் பொருள் கொள்ள முடிந்தவை மட்டுமே மாறின. 17-32 போன்றவை அப்படியே நின்றன. ஆகவே பார்வைக்குப் பெரும்பகுதி சரியாக இருந்தது.

அடுத்த படியில் கிணற்றுப் பட்டியலையும் அளவீடுகளையும், பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்கப் சூத்திரம் போட்டு இணைத்தோம். மாறிப்போன எண்கள் பொருந்தவில்லை, பிழை வந்தது. பிழை அசிங்கமாகத் தெரிகிறது என்று யாரோ சூத்திரத்தைச் சுற்றி இஃப்எரர் போட்டு, பொருந்தாவிட்டால் சுழியம் என்று எழுதியிருந்தார்கள். சுழியம்! லிட்டருக்கு சுழியம் மில்லிகிராம் ஃபுளோரைடு. எங்கள் வண்ண வரைபடத்தில் அந்தக் கிணறுகள் எல்லாம் பளிச்சென்று பச்சை. அவற்றில் ஒன்று ஒரு பள்ளியின் கிணறு. பதிவேட்டில் அதன் அளவு 2.4.

இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். 2.4 உள்ள தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கிறார்கள், எங்கள் வரைபடமோ அதுதான் மாவட்டத்திலேயே நல்ல தண்ணீர் என்கிறது. அந்தப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மாதான் கேட்டார்: "பச்சைன்னு போட்டிருக்கீங்களே சார், பிள்ளைங்க பல்லெல்லாம் ஏன் காவியா இருக்கு?" அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் அந்தத் தாள் அப்படியே அச்சாகியிருக்கும்.

அன்றிரவு முழுக்கப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக ஒப்பிட்டோம். இப்போது எங்கள் கிணற்று எண்கள் ஓர் எழுத்தில்தான் தொடங்கும். நடுவில் சிறுகோடு அவற்றில் கிடையாது.

கிருஷ்ணகிரி நண்பரே, உங்கள் லாட் எண்களில் எங்காவது எண்களுக்கு நடுவே ஆங்கில எழுத்து ஈ வருகிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டு, ஈ, ஐந்து என்று தட்டினால் எக்செல் அதை இரண்டு லட்சம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஜூன் 7, பின்குறிப்பு

மேலே சொன்னது எங்கள் ஊருக்கு மட்டுமான தொல்லை இல்லை. மரபணு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் இதோடு போராடினார்கள். மார்ச்1, செப்ட்2 என்று ஆங்கிலத்தில் பெயர் கொண்ட மரபணுக்கள் எக்செல்லில் தேதிகளாகிக்கொண்டே இருந்தன. 2020-இல் மரபணுப் பெயரிடும் குழு தன் விதிமுறையில் மாற்றம் செய்து, மார்ச்1 என்பதை மார்ச்எஃப்1 என்றும் செப்ட்2 என்பதை செப்டின்2 என்றும் மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்தக் காத்திருக்காமல் உயிரியல் தன் பெயர்களைத் திருத்திக்கொண்டது. எழுத்தும் எண்ணும் சேர்ந்த இத்தகைய பெயர்களைத் தேதியாக்கும் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் தேர்வு 2023-இல்தான் எக்செல்லில் வந்தது. அங்கே போய் அந்த மாற்றத்தை நிறுத்துங்கள்.

ஜூன் 8

திருத்தம். எந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பும் ஜிப்பாகத் திறக்கும் என்பதுபோல எழுதியிருந்தேன். ஒரு வாசகர் தன் கோப்பு திறக்கவில்லை, கெட்டுவிட்டதா என்று பதறியிருக்கிறார். கெடவில்லை. திறப்பதற்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் முழு மூட்டையும் மறையாக்கப்பட்டு, பழைய எக்செல் காலத்து உறை ஒன்றுக்குள் வைக்கப்படும். அது ஜிப் இல்லை.

தாளுக்கு மட்டும் போடும் பூட்டு வேறு. அதில் மறையாக்கம் எதுவும் கிடையாது. எக்ஸ்எம்எல்லில் ஒரு வரி, அந்த வரியை நீக்கினால் பூட்டும் போய்விடும். ரகசியத்தை அதை நம்பி வைக்காதீர்கள்.

ஜூன் 9

ஓசூரிலிருந்து ஒரு தம்பி "45049 எங்கிருந்து வந்தது" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாள்களை எண்ணிக்கொண்டே வந்தால் 2023 மே 3 அந்த எண்ணில் விழும். ஆனால் நீங்களே எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். எக்செல் 1900-ஐ லீப் ஆண்டாகக் கொள்கிறது, பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாளுக்கு 60 என்ற எண்ணைக் கொடுக்கிறது. எக்செல்லுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 செய்த பிழை அது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் தெரிந்தே அதை ஏற்றுக்கொண்டது. பழைய மேக் கணினிக் கோப்புகளில் கணக்கு 1904-இலிருந்து தொடங்கும். இரண்டையும் கலந்தால் தேதிகள் 1462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும் நகர்ந்துவிடும்.

ஜூன் 11

தலைப்பில் இருக்கும் மொரப்பூர் விஷயம்.

ஊர்வாரியாகத் தொகுத்தபோது ஆர் என்ற புள்ளியியல் நிரலில் மொரப்பூர் இரண்டு முறை வந்தது. இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன், அச்சடித்துப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. பிறகு எக்செல் மூட்டையைப் பிரித்துச் சொற்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு குறியாக எண்ணினேன். ஒன்றில் "மொ" என்பது இரண்டு குறிகள்: ம, அதன் பின் ஒகரக் குறி ஒன்றாக. மற்றொன்றில் மூன்று குறிகள்: ம, ஒற்றைக் கொம்பு, துணைக்கால். எழுத்துகளுக்குப் பொதுக் குறியெண் தரும் யூனிகோடு இரண்டையும் ஒன்றுக்கொன்று இணையானவை என்றே சொல்கிறது. ஆனால் ஆரும் பைத்தானும் சொற்களை ஒப்பிடும்போது தாமாக அந்த இணைமையைப் பார்ப்பதில்லை. நாம்தான் முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்கும் இயல்பாக்கம் செய்ய வேண்டும், ஒரே ஒரு கட்டளை. வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டியவர்கள் இருவர், அவ்வளவுதான் காரணம்.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் இன்னும் மோசம். தருமபுரி, தர்மபுரி. பென்னாகரம், பெண்ணாகரம். நமக்கு இரண்டே ஊர்கள். சொற்பட்டியலுக்கு நான்கு ஊர்கள். இப்போது ஊர்ப் பெயரை யாரும் தட்டுவதில்லை. கீழிறங்கு பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புகள் யாரிடமாவது இருந்தால் அவற்றின் சொற்பட்டியலையும் திறந்து பாருங்கள். திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தமிழ் என்பது எழுத்துருவின் பெயராக மட்டும் வடிவக் கோப்பில் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் ஊர்ப் பெயர்கள் முழுக்கக் குப்பையாகத் தெரியும்.

ஜூன் 15

சொற்பட்டியலை நினைவில் வையுங்கள் என்று சொன்னேன் அல்லவா? அதற்குக் காரணம் இந்தக் கதை.

போன ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் குழுப் பெண் ஒருவர் ஊர்ஊராகச் சென்று எடுத்த குறிப்புகளைப் பென்டிரைவில் நேரடியாகச் சேமித்துக்கொண்டிருந்தார். சேமிப்பு முடிவதற்குள் பென்டிரைவ் பிடுங்கப்பட்டது. கோப்பு திறக்கவில்லை. ஜிப் கோப்பில் உள்ளடக்க அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். வால் அறுந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு உட்கோப்பின் முன்னாலும் ஒரு சிறு தலைப்பு இருக்கும். பழுது பார்க்கும் கருவிகள் அவற்றைத் தேடிப் பிடித்து முழுதாக எழுதப்பட்டவற்றை மீட்டுவிடும். அப்படி முயன்றோம். தாள்கள் கிடைத்தன. அத்தனை அளவீடும் இருந்தது: 0.8, 1.3, 3.1.

ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 46, 12, 46, 7 என்று எண்கள். எக்செல் தாள்களை எழுதிய பிறகே சொற்பட்டியலை எழுதியிருக்கிறது, அது போய்விட்டது. எந்த ஊரில் 3.1 என்று தெரியாமல் 3.1 மட்டும் கையில் இருந்தது. அவர் அழுதுவிட்டார். இரண்டு வாரம் வெயிலிலும் மழையிலும் நடந்த பெண்.

முந்தின வாரத்து நகல் ஒன்று மின்னஞ்சலில் இருந்தது. அதன் சொற்பட்டியலை எடுத்துப் பொருத்திப் பார்த்தோம். பட்டியல் சுழியத்திலிருந்து எண்ணப்படுகிறது, ஆகவே 46 என்றால் நாற்பத்தேழாவது சொல். முதல் முப்பது வரை அழகாகப் பொருந்தியது. பிறகு நழுவியது, இடையில் புதுச் சொற்கள் நுழைந்திருந்தன. ஒவ்வொரு சேமிப்பிலும் பட்டியல் புதிதாக எழுதப்படுவதால் பழைய எண்ணை நம்ப முடியாது. கடைசியில் அவருடைய கையெழுத்துக் குறிப்பேட்டில் இருந்த தேதியும் நேரமும்தான் காப்பாற்றின. முதலில் கணினியின் உள்வட்டில் சேமித்து, பிறகு பென்டிரைவுக்கு நகல் எடுங்கள்.

ஜூன் 16

அரூரிலிருந்து எழுதிய டீச்சருக்கு: உங்கள் மாணவர்கள் கைப்பேசியில் கணக்கெடுக்கப் போகிறார்கள் என்றால் எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் முறையைப் பாருங்கள். இதுவும் விரிதாளுக்குள் திட்டத்தை வைக்கும் முறைதான், ஆனால் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். சர்வே, சாய்சஸ், செட்டிங்ஸ் என்று மூன்று தாள்கள். முதல் தாளில் வரிசைக்கு ஒரு கேள்வி: அதன் வகை, பெயர், திரையில் தெரிய வேண்டிய வாசகம். வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் எழுதலாம். இரண்டாம் தாளில் தெரிவுகள், உங்கள் ஊர்ப் பட்டியல் அங்கே போகும். ஓடிகே, கோபோ என்ற கணக்கெடுப்பு மென்பொருள்கள் இதைப் படித்துக் கைப்பேசிப் படிவமாக மாற்றிக்கொள்ளும். கிணற்று எண்ணை எழுத்து வகை என்று குறியுங்கள், எண் வகை வேண்டாம். ஃபுளோரைடு அளவுக்கு மேல்வரம்பு ஒன்று போடுங்கள், 1.2 என்பதை 12 என்று தட்டுவது அங்கேயே நின்றுவிடும்.

சேகரித்ததைச் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக இறக்கி எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். சிஎஸ்வியில் வகைகள் கிடையாது, எக்செல் மறுபடியும் ஊகிக்கத் தொடங்கிவிடும். தமிழும் சில நேரம் உடைந்து தெரியும். தரவு இறக்குமதி வழியாகச் சென்று யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையைத் தேர்ந்தெடுத்து, எண் நெடுவரிசையை எழுத்தாகக் குறித்துத் திறக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 22

ஜூன் 5 அன்று "எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள்" என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்படியே விட்டுவிட மனமில்லை.

இந்த வாரம் பழைய பெட்டியிலிருந்து ஒரு குறுந்தகடு கிடைத்தது. 2006-இல் எடுத்த கிணற்று அளவீடுகள். அதில் இரண்டு கோப்புகள். ஒன்று எக்செல்லின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ். மற்றொன்று அன்று பயன்படுத்திய ஒரு புள்ளியியல் மென்பொருளின் திட்டக் கோப்பு. அதில்தான் நாங்கள் மாதக்கணக்கில் செய்த வகைப்பாடும் விளக்கங்களும் இருந்தன. எக்ஸ்எல்எஸ், லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஒரு நொடியில் திறந்தது. ஒவ்வொரு எண்ணும் அப்படியே இருந்தது. திட்டக் கோப்பு எதிலும் திறக்கவில்லை. மென்பொருளின் உரிமம் காலாவதியாகி எத்தனையோ ஆண்டாகிறது, புதிய பதிப்பும் அந்த வடிவத்தைப் படிப்பதில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் எங்கள் ஊர்களில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் உள்ள சான்று அந்த எக்ஸ்எல்எஸ் மட்டும்தான். "காவிரித் தண்ணீர்தான் வந்துவிட்டதே, இன்னும் ஏன் போர் தண்ணீரை அளக்கிறீர்கள்" என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். குழாயில் வராத நாள்களில் எங்கள் பக்கம் பெண்கள் குடத்தோடு போவது அந்த அடிகுழாய்க்குத்தான், அதனால்தான் அளக்கிறோம்.

ஆகவே என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். தரவு விரிதாளில் இருக்கட்டும். ஊராட்சி எழுத்தரும் சுகாதாரப் பணியாளரும் திறக்கக்கூடிய வடிவம் அதுதான். அதன் மேல் என்ன செய்தோம் என்பதை மட்டும் அங்கே புதைக்காமல், கண்ணால் படிக்கக்கூடிய தனித் தாளிலோ உரைக் கோப்பிலோ எழுதுங்கள். ஜமோவி, ஜாஸ்ப் போன்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள்கள் தமக்கென்று தனிக் கோப்பு வைத்திருந்தாலும் அவையும் ஜிப் மூட்டைகள்தான். நாளைக்கு மென்பொருள் இல்லாமல் போனாலும் பிரித்துப் பார்க்க வழியிருக்கிறது. திறக்க முடிவதும் படிக்க முடிவதும்தான் எனக்கு முக்கியம். பெயர் எக்செல்லாக இருந்தால் என்ன, வேறாக இருந்தால் என்ன.

பழைய எக்ஸ்எல்எஸ்ஸில் ஓர் ஆபத்து மட்டும் உண்டு. அதில் 65,536 வரிசைகள்தான், புதியதில் 10,48,576. 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரத் துறை பழைய வடிவத்தில் தரவைக் கையாண்டதால் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் குறித்த நேரத்தில் பட்டியலில் சேராமல் போனது. அவர்களோடு தொடர்பிலிருந்தவர்களைத் தேடுவதும் அத்தனை நாள் தள்ளிப்போனது.

ஜூன் 23

சிறு குறிப்பு. கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் "<0.2" என்று எழுதுவது ஆய்வகப் பழக்கம். எக்செல்லுக்கு அது எழுத்து. சராசரி எடுக்கும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும், ஆகவே சராசரி இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். அதே கட்டத்தை வரைபடத்தில் போட்டால் சுழியமாக வரையும். ஒரே கோப்பு, ஒரே கட்டம், இரண்டு பொய். எண்ணை ஒரு நெடுவரிசையிலும் குறியை அடுத்த நெடுவரிசையிலும் எழுதுங்கள்.

ஜூலை 1

கோப்பை வெளியே அனுப்பும் முன் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல் துறை ஒரு தகவல் கோரிக்கைக்குப் பதிலாக வெளியிட்ட விரிதாளில், மறைந்திருந்த ஒரு தாளின் வழியாகச் சுமார் 10,000 பணியாளர்களின் பெயரும் பணியிடமும் வெளியே போய்விட்டன. நம் கோப்புகளில் கிணற்று உரிமையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. மூலத் தாளை அழித்துவிட்டுப் பிவட்டை மட்டும் அனுப்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம், பிவட் வைத்திருக்கும் நகலில் அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கும். எங்கள் கோப்பு ஒன்றில் நானே பார்த்தேன். நல்லவேளை, அனுப்புவதற்கு முன்.

ஜூலை 6

கிருஷ்ணகிரி நண்பரின் தனிமடல் வந்தது, பகிர அனுமதி கொடுத்திருக்கிறார்.

மூட்டையைப் பிரித்திருக்கிறார். "மிக மறைவு" தாள் ஒன்று இருந்தது. அதில் மென்பொருள் ஒதுக்கிய வரிசைகளின் பட்டியல்: 14, 37, 38, 61. வெறும் வரிசை எண்கள். லாட் எண் இல்லை, ஒதுக்கியதற்குக் காரணமும் இல்லை. ஜூன் நடுவில் யாரோ தாளைத் தேதிப்படி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கிய பிறகு 14-ஆம் வரிசையில் வேறு லாட், 37-இல் வேறு லாட். மென்பொருள் பழைய எண்களையே பிடித்துக்கொண்டு நல்ல லாட்களை ஒதுக்கியிருக்கிறது. ஒதுக்க வேண்டிய, புளித்துப்போன லாட்கள் சராசரிக்குள் வந்துவிட்டன. இரண்டு வாரமாக அனுப்பிய அறிக்கைகள் அத்தனையும் அப்படி.

வேறு கணினிக்குக் கொண்டுபோனால் எல்லாம் கூடவே வருமா என்று முதல் நாள் கேட்டாரே, வந்திருக்கிறது. தவறும் சேர்ந்தே வந்திருக்கிறது.

இப்போது தாளிலேயே இரண்டு நெடுவரிசைகள் சேர்த்திருக்கிறார்: "சேர்க்கலாமா", "ஏன்". லாட்டோடு அவையும் நகரும், எப்படி அடுக்கினாலும் பிரியாது. மென்பொருளின் ஒதுக்கல் வசதியைத் தொடுவதே இல்லை. மேலாளரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஜிப்பைத் திறந்து காட்டியிருக்கிறார்.

இரண்டு வார அறிக்கைகளில் பிரிக்ஸ் சராசரி எவ்வளவு மாறியது என்று கேட்டேன். பாதி லாட்களுக்குத்தான் திரும்பப் போட்டிருக்கிறாராம், அதற்குள் மத்தியானம் பழ லாரிகள் வந்து வாசலில் நின்றுவிட்டன. மீதியை ஞாயிற்றுக்கிழமை போடுவதாக எழுதியிருக்கிறார்.